பனிமலையில் ஒரு பள்ளி

பனிச்சறுக்கு என்னும் கலையைப் பற்றி நான் முதன்முதலில் அறிந்துகொண்டது ஜோலார்பேட்டை ஏரிக்கரையில், சுட்டெரிக்கும் சித்திரை வெயிலில். எங்கள் தெருவில், மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் ராணுவப் பொறியியல் படைப்பிரிவில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் குடியிருந்தார். சிறுவர்களாகிய எங்களுக்கு அவர் மிலிட்டரி மாமா. ஒருநாள் பந்தல் போட வைத்திருந்த மூங்கிலைப் பிளந்து, நான்கு முழ நீளத்தில் இரண்டு பிளாச்சுகளைச் சீவி, என் கால்களில் சணல் கயிற்றால் கட்டினார். ஏரிக்கரையின் சரிவில் என்னை நிறுத்தி, பிளாச்சுகளின் முன்முனைகளை நெருக்கியும் பின்முனைகளை அகற்றியும் வைக்கச் சொன்னார். காய்ந்த புல்லில் இரண்டடி சறுக்கி முகங்குப்புற விழுந்தேன். காஷ்மீரத்தில் குல்மார்க் என்னுமிடத்தில் ராணுவம் நடத்தும் பள்ளியில் தாமும் முதல்நாள் அப்படித்தான் விழுந்ததாகச் சொல்லி அவர் சிரித்தார்.

அந்தப் பள்ளியைத் தொடங்கியவரின் பெயரையும் அன்று அவர்தான் சொன்னார்: ஜெனரல் கே.எஸ். திம்மையா. பெயரைச் சொல்லும்போது அவரை அறியாமலே முதுகு நிமிர்ந்தது.

திம்மையாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு நிகழ்வுகளில் நின்றுவிடுகிறார்கள். ஒன்று, 1948-இல் ஜோஜிலா கணவாயில் பீரங்கி வண்டிகளை ஏற்றிய சாகசம். மற்றொன்று, 1959-இல் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனுடன் ஏற்பட்ட பிணக்கில் அவர் அளித்த பதவி விலகல் கடிதம். இவ்விரண்டுக்கும் நடுவே, 1948 டிசம்பரில், தம் படைப்பிரிவுக்கென்று அவர் குல்மார்க்கில் தொடங்கிய சிறிய பனிச்சறுக்குப் பள்ளி பெரும்பாலும் ஒரு வரியோடு முடிந்துபோகிறது. பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அவருடைய செயல்களில் மிகுந்த பலன் தந்தது அந்தப் பள்ளிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கோதண்டேர சுப்பய்யா திம்மையா 1906 மார்ச் மாதம் குடகின் மடிக்கேரியில், காப்பித் தோட்டக் குடும்பமொன்றில் பிறந்தார். எட்டு வயதில் நம் குன்னூரில் உள்ள புனித ஜோசப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பிறகு பெங்களூரு பிஷப் காட்டன் பள்ளி, டேராடூன் ராணுவக் கல்லூரி, இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட். 1926-இல் அதிகாரியானார். வெள்ளையர் படையில் இந்திய அதிகாரிகள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே இருந்த காலம் அது. 1935-இல் குவெட்டா நகரை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியபோது, புதுமணத் தம்பதியரான அவரும் நீனாவும் மீட்புப் பணியில் ஈடுபட்டனர். இரண்டாம் உலகப் போரில், பர்மாவின் அரக்கான் முனையில் முதலில் ஒரு பட்டாலியனையும் பின்னர் ஒரு பிரிகேடையும் நடத்தினார். போர்க்களத்தில் பிரிகேடு ஒன்றுக்குத் தலைமை வகித்த முதல் இந்தியர் அவரே.

குறிப்பாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்வளவு அனுபவத்திலும் பனிப்போருக்கான பாடம் எதுவும் இல்லை. அரக்கான் என்பது சேறும் மழையும் கொசுவும் நிறைந்த காடு. அங்கிருந்து வந்தவரிடம்தான் 1948-இல் 19-ஆவது காலாட்படை டிவிஷனும் காஷ்மீரப் பள்ளத்தாக்கும் ஒப்படைக்கப்பட்டன.

அவ்வாண்டு மே 24 அன்று, விமானப்படையின் மெஹர் சிங் ஓட்டிய டகோட்டா விமானத்தில் திம்மையா லே நகருக்குப் பறந்தார். வழிகாட்டும் வரைபடம் கிடையாது; உயிர்வளிக் கருவி கிடையாது; இறங்க வேண்டிய தளமோ 11,000 அடி உயரத்தில் அவசரமாகச் சமன்செய்யப்பட்ட மணல்திட்டு. விமானம் இறங்கியது, லே காப்பாற்றப்பட்டது. ஆனால், ஒரு நகரத்தை வானத்தின் வழியாக மட்டும் நெடுநாள் காக்க இயலாது. தரைவழிக்கு ஜோஜிலா கணவாய் திறக்கப்பட வேண்டும். அது எதிரிகள் வசம் இருந்தது. செப்டம்பரில் நடந்த தாக்குதல் தோற்றது.

அடுத்து நடந்ததில் நம் மண்ணுக்கு ஒரு பங்கு உண்டு. பால்தாலிலிருந்து கணவாய்க்கு ஏறும் கோவேறு கழுதைத் தடத்தை வெடிவைத்தும் வெட்டியும் வண்டிப் பாதையாக மாற்றியவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரர்கள். வட ஆற்காட்டிலிருந்தும் அதன் சுற்றுவட்டாரத்திலிருந்தும் அப்படைக்குச் சென்றவர்கள் ஏராளம்; வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையைப் போல வீட்டுக்கொருவர் ராணுவத்தில் இருக்கும் ஊர்கள் இங்கே இன்றும் உண்டு. அவர்கள் வெட்டிய பாதையில், சுழல்கோபுரங்களைக் கழற்றி மறைவாகக் கொண்டுவரப்பட்ட 7-ஆவது குதிரைப்படையின் ஸ்டூவர்ட் பீரங்கி வண்டிகள், மீண்டும் பொருத்தப்பட்டு, 1948 நவம்பர் 1 அன்று ஏறத்தாழ 11,500 அடி உயரக் கணவாய்க்குள் நுழைந்தன. அதுவரை அவ்வளவு உயரத்தில் எந்த நாடும் பீரங்கி வண்டிகளைப் போரில் பயன்படுத்தியதில்லை. முன்னணியில் தளபதியே இருந்தார். எதிரிகள் திகைத்து ஓடினர். அம்மாத இறுதிக்குள் திராஸும் கார்கிலும் மீண்டன.

எங்கள் சுபேதார் அந்தப் பாதையில் பாறை உடைத்தவர்களில் ஒருவர். வெற்றியைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. பேசியதெல்லாம் கால்களைப் பற்றித்தான். அருகில் படுத்திருந்த தோழன் காலையில் காலணியைக் கழற்றியபோது விரல்கள் கறுத்திருந்ததையும், அவனுக்கு வலியே தெரியாததுதான் தங்களை அச்சுறுத்தியது என்பதையும் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மரத்துப்போன விரலை நெருப்பருகே நீட்டக் கூடாது, தேய்க்கக் கூடாது, மற்றொருவரின் உடற்சூட்டில் மெல்ல வெதுவெதுப்பாக்க வேண்டும் என்பதுகூட அன்று பலருக்குத் தெரிந்திருக்கவில்லையாம். துப்பாக்கிக்குத் தப்பியவர்கள் குளிருக்குத் தப்பவில்லை.

திராஸ், கார்கில் வெற்றிகளுக்குச் சில வாரங்களுக்குப் பின், போர்நிறுத்தம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பாகவே, குல்மார்க் பள்ளி தொடங்கப்பட்டது. ஜோஜிலாவை ஒருமுறை துணிவாலும் தந்திரத்தாலும் வெல்லலாம். அந்த மலைகளில் ஆண்டுதோறும் பனிக்காலம் முழுவதும் தங்கிக் காவல் காப்பதற்குத் துணிவு போதாது என்று அவர் கருதியிருக்க வேண்டும். மேலும், 1939-40 பனிக்காலத்தில், பலகைகளில் சறுக்கி வந்து தாக்கிய பின்லாந்து வீரர்கள் சோவியத் பெரும்படையைத் திணறடித்த செய்தி உலகின் எல்லாத் தளபதிகளுக்கும் தெரிந்ததுதான். இடத்துக்கும் பஞ்சமில்லை. 8,700 அடி உயரத்தில் உள்ள குல்மார்க்கில் ஆங்கிலேய அதிகாரிகள் 1927-லேயே பனிச்சறுக்குச் சங்கம் ஒன்றைத் தொடங்கியிருந்தனர். பிரபுக்களின் பொழுதுபோக்குக்கான சரிவுகள் விவசாயி வீட்டுப் பிள்ளைகளின் பாடசாலையாயின.

அங்கே எப்படிக் கற்பிக்கிறார்கள்? இதற்குச் சற்றுப் பின்னோக்கி, ஆஸ்திரியாவின் ஆர்ல்பெர்க் மலைக்குப் போகவேண்டும். பனிச்சறுக்கு என்பது நெடுங்காலம் கண்ணால் பார்த்துக் கற்கிற வித்தையாகவே இருந்தது. 1890-இல் பிறந்த ஹானஸ் ஷ்னைடர் என்பவர் செயின்ட் ஆண்டன் என்ற சிற்றூரில் பயணிகளுக்குச் சறுக்கப் பழக்கத் தொடங்கி, முதல் உலகப் போரில் ஆஸ்திரிய மலைப்படையினருக்கும் பயிற்சியளித்தார். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோருக்குக் கற்பிக்க நேர்ந்ததால், வித்தையைப் படிகளாக உடைத்தார். ஒரு படியில் தேறியவரே அடுத்த வகுப்புக்குச் செல்லலாம். 1938-இல் நாஜிகள் அவரைச் சிறைப்பிடித்தனர். மறு ஆண்டு அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் வகுத்த படிமுறையோ பல மாற்றங்களுடன் உலகின் பனிச்சறுக்குப் பள்ளிகளில் இன்றும் தொடர்கிறது.

முதல்நாள் பாடத்தில் சறுக்குவதே இல்லை. சமதளத்தில் பலகைகளோடு நடக்க வேண்டும். பிறகு சரிவுக்குக் குறுக்காக நின்று, பலகையின் உலோக விளிம்பைப் பனியில் பதித்து, நண்டைப் போலப் பக்கவாட்டில் ஏற வேண்டும். அடுத்து விழக் கற்பிக்கிறார்கள். பின்புறமாக அல்ல, பக்கவாட்டில், இடுப்பின் மேல் விழ வேண்டும். எழும்போது பலகைகளைச் சரிவுக்குக் குறுக்காக, உடலுக்குக் கீழ்ப்பக்கம் கொண்டுவர வேண்டும்; இல்லாவிட்டால் எழுந்த மாத்திரத்தில் பலகைகள் கிளம்பிவிடும். இதற்கே ஒரு பகல் போய்விடும்.

அதன்பின் கலப்பை நிலை. ஏரிக்கரையில் எனக்குச் சொல்லித்தரப்பட்டது அதுதான். முன்முனைகள் நெருங்கி, பின்முனைகள் அகன்று, உள்விளிம்புகள் பனியை உழுதுகொண்டு போவதால் வேகம் மட்டுப்படும். குதிகால்களை மேலும் அகற்றினால் நின்றுவிடலாம். வலக்காலில் எடையை ஏற்றினால் இடப்புறம் திரும்பும்; இடக்காலில் ஏற்றினால் வலப்புறம். திருப்பங்கள் கைவந்த பிறகு கலப்பையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கி, இறுதியில் இரு பலகைகளும் இணையாகச் செல்லும் நிலையை எட்டுகிறார்கள்.

இதில் எது கடினம் என்று கேட்டால், உடல் தன் இயல்பை மறக்க வேண்டியிருப்பதுதான். சரிவைக் கண்டு அஞ்சுகிறவன் மலைப்பக்கமாகப் பின்னே சாய்கிறான். சாய்ந்தவுடன் எடை பலகையின் பின்பகுதிக்குப் போய்விடுகிறது. முன்பகுதி கட்டுக்கடங்காமல் ஓடுகிறது. பள்ளத்தை நோக்கி முன்னே சாய்கிறவனுக்கே பலகை பணிகிறது. இதைச் சொல்லிப் புரியவைக்க எந்தப் பேராசிரியராலும் முடியாது. முன்னால் ஒருவர் சறுக்கிக் காட்ட, பின்னால் பத்துப் பேர் விழுந்து எழுந்து, அவர் தடத்திலேயே மீண்டும் மீண்டும் இறங்கித்தான் கற்க முடியும்.

ராணுவப் பள்ளியில் இதோடு வேறு பலவும் சேரும். முதுகில் மூட்டையும் துப்பாக்கியும் இருக்கும்போது உடலின் எடைமையம் மாறிவிடும். கற்றதை மறுபடி கற்க வேண்டும். சறுக்கி இறங்குவதைவிட ஏறிச் செல்வதே வீரனுக்கு அதிகம். அதற்குப் பலகையின் அடியில் ரோமத்தோல் பட்டையைப் பொருத்துவார்கள். முற்காலத்தில் அது கடல்நாயின் தோல். ரோமம் பின்னோக்கிப் படிந்திருப்பதால் முன்னே வழுக்கும், பின்னே பிடித்துக்கொள்ளும். தோலை உள்ளங்கையால் நீவிப் பார்த்தே தரம் சொல்லும் வாணியம்பாடி, ஆம்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. புதுப்பனி விழுந்து காற்றடித்த மறுநாள் 30 முதல் 45 பாகை வரையிலான சரிவுகளில் கால்வைப்பதற்கு முன் ஏன் அஞ்ச வேண்டும், பனிச்சரிவில் புதைந்தவனை எப்படித் தேடுவது என்பனவும் பாடங்கள். சறுக்குவது பாதிப் படிப்பு; எங்கே சறுக்கக் கூடாது என்பது மீதி.

காலணியைப் பற்றி ஒரு வார்த்தை. 1960-களில் நெகிழி வரும்வரை உலகெங்கும் பனிச்சறுக்குக் காலணிகள் தோலால் ஆனவை. அவற்றைப் பலகையோடு பிணைக்கும் புகழ்பெற்ற கம்பிப் பூட்டு ஒன்றுக்குக் காந்தஹார் என்று பெயர். ஆப்கன் போரில் காந்தஹார் வெற்றியால் பட்டப்பெயர் பெற்ற ராபர்ட்ஸ் பிரபுவின் பெயரில் அமைந்த பனிச்சறுக்குக் கோப்பையிலிருந்து வந்த பெயர் அது. 1880-களின் முற்பகுதியில் சென்னை ராஜதானிப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவரும் அவரே. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் சிப்பாயின் காலணிக்காகச் சென்னை ராஜதானியின் பதனிட்ட தோல் கப்பல் கப்பலாகப் போயிற்று. தோலை அனுப்பத் தெரிந்த நாம் நம் சொந்தச் சிப்பாய்க்குப் பனிக்காலணி தைத்துத் தர மறந்தோம். இதற்குக் கீழே வருகிறேன்.

கல்வியை மூலதனமாகக் கருதவேண்டும் என்று தியோடர் ஷுல்ட்ஸ் அமெரிக்கப் பொருளியல் சங்கத்தில் தலைமையுரை ஆற்றியது 1960-இல். அந்தச் சொற்களெல்லாம் தெரியாமலேயே குல்மார்க்கில் நடந்தது அதுதான். பீரங்கி வண்டியை வாங்கலாம். அது தேய்ந்து தீரும். பனியில் நிற்கத் தெரிந்தவனை எந்தச் சந்தையிலும் வாங்க இயலாது. ஆனால், அவன் தன் படைக்குத் திரும்பிப் பத்துப் பேருக்குக் கற்பித்தால், செலவிட்ட பணம் தேய்வதற்குப் பதில் பெருகுகிறது. எங்கள் சுபேதார் 1950-களின் தொடக்கத்தில் அங்கு பயின்று, பிறகு தம் கம்பெனியில் பயிற்றுநராக இருந்தார். ஓய்வுக்குப் பிறகும் விடவில்லை என்பதற்கு என் முழங்காலில் உள்ள தழும்பு சாட்சி.

திம்மையாவின் பிற்கால வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1953-இல் கொரியப் போர்க்கைதிகளைத் திருப்பியனுப்பும் நடுநிலை நாடுகள் ஆணையத்துக்குத் தலைமை வகித்து உலகப் பாராட்டைப் பெற்றார். 1957-இல் தரைப்படைத் தலைமைத் தளபதியானார். 1959 ஆகஸ்ட் இறுதியில் பதவி விலகல் கடிதம் அளித்து, நேருவின் வற்புறுத்தலால் திரும்பப் பெற்றார். 1961 மே மாதம் ஓய்வு பெற்றார்.

1962 ஏப்ரலில் குல்மார்க் பள்ளி தரமுயர்த்தப்பட்டு உயர்மலைப் போர்ப் பள்ளி ஆயிற்று. அவ்வாண்டு அக்டோபர் 20 அன்று சீனப்படை தாக்கியது. இடையில் ஆறு மாதங்கள். பருத்திச் சீருடையும் கான்வாஸ் காலணியுமாக, சமவெளியிலிருந்து அவசரமாக அனுப்பப்பட்ட வீரர்கள் இமயத்தில் நின்றனர். 16,000 அடிக்கு மேல் உள்ள ரெசாங்லாவில் ஏறத்தாழ ஒரு கம்பெனி முழுவதுமே மடிந்தது. திம்மையா இளமையில் பணியாற்றிய அதே குமாவுன் படைப்பிரிவின் 13-ஆவது பட்டாலியன் அது. வந்தவர்கள் ஹரியாணா சமவெளியின் பிள்ளைகள். துப்பாக்கியைப் பிடித்தபடியே உறைந்து கிடந்த உடல்கள் அடுத்த ஆண்டில்தான் கண்டெடுக்கப்பட்டன.

வழக்கமாகப் பழி மேனன்மீதும் நேருமீதும் விழுகிறது, பெரும்பகுதி நியாயமும்கூட. ஆயினும், திம்மையாவின் மீது எனக்குள்ள மதிப்பு ஒரு கேள்வியைத் தடுப்பதில்லை. குளிர் என்ன செய்யும் என்பதைத் தம் கண்ணால் கண்டவர், நான்காண்டுகள் தரைப்படையின் தலைமையில் இருந்தார். நிதியும் ஒப்புதலும் அமைச்சகத்தின் கையில் இருந்தன என்பது உண்மை. ஆனாலும், ஒரு டிவிஷனுக்காக அவர் சில வாரங்களில் செய்ததை, நாட்டின் படை முழுவதற்கும் விரிவாக்குவதற்கு அவரது பதவிக்காலம் போதவில்லை. பதவி விலகல் கடிதத்தைவிட இந்தக் குறையே அவர் வாழ்க்கையின் துயரம் என்று நினைக்கிறேன். 1962 ஜூலையில் செமினார் இதழில் எழுதியபோது, சீனாவைத் தனித்து எதிர்கொள்ளும் வலிமை நமக்கு இல்லை, அது அரசியல்வாதிகளும் ராஜதந்திரிகளும் பார்க்க வேண்டிய பொறுப்பு என்ற கருத்தை அவர் முன்வைத்தார். தம் படையிடம் என்ன இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பாடம் பின்னர் கற்கப்பட்டது. மலைப்படை டிவிஷன்கள் எழுந்தன. குல்மார்க் பள்ளி விரிந்தது. 1970-களின் பிற்பகுதியில் அப்பள்ளியின் தலைவராக இருந்த கர்னல் நரேந்திர குமார், அங்கு பயின்றவர்களை அழைத்துக்கொண்டு 1978-இல் சியாச்சின் பனியாற்றில் பயணம் மேற்கொண்டார். 1984-இல் நம் படை அங்கே முந்திச் சென்று நிலைகொள்ள முடிந்ததற்கு அந்தப் பயண அறிவு அடித்தளம்.

எங்கள் ஊர் மைதானத்தில் விடியற்காலையில் இளைஞர்கள் ஓடுவதை இப்போதும் பார்க்கிறேன். 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தின்படி அவர்களுக்குப் பணி நான்காண்டுகள். நால்வரில் ஒருவருக்கு மட்டுமே நீட்டிப்பு. ஓய்வூதியச் செலவைக் கணக்கிடும் பொருளியலாளனாக அதன் தர்க்கம் எனக்குப் புரிகிறது. பனியில் பயிற்றுநராகப் பக்குவப்பட ஒருவருக்கு எத்தனை பனிக்காலங்கள் வேண்டும் என்பதும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்பதுதான் என் ஐயம்.

ஓய்வுக்குப்பின் திம்மையா 1964-இல் சைப்ரஸ் தீவில் ஐ.நா. அமைதிப்படைக்குத் தலைமை ஏற்றார். 1965 டிசம்பர் 18 அன்று, பணியில் இருக்கும்போதே அங்கே காலமானார். சைப்ரஸ் அரசு மறு ஆண்டு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. அவர் உடல் பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டது. மடிக்கேரியில் அவர் பிறந்து வளர்ந்த இல்லம் இன்று அருங்காட்சியகமாக உள்ளது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாதத்தில் குல்மார்க் சென்றேன். ராணுவப் பள்ளிக்குள் பொதுமக்களுக்கு அனுமதியில்லை. ஆனால், அடுத்துள்ள தொடக்கநிலைச் சரிவில் காசுகொடுத்தால் எவரும் கற்கலாம். அறுபதைக் கடந்தவனுக்குக் கற்பிக்கத் தயங்கிய காஷ்மீரி இளைஞன் ஒருவன், என் வற்புறுத்தலுக்கு இணங்கிப் பலகைகளை மாட்டிவிட்டான். முன்முனைகளை நெருக்கி, குதிகால்களை அகற்றி, காலைப் பார்க்காமல் தூரத்தே பார்க்கச் சொன்னான். மிலிட்டரி மாமா சொன்ன அதே வரிசை. மூன்றுமுறை விழுந்தேன், பக்கவாட்டில்தான். நான்காம் முறை பத்தடி சறுக்கி, நானாகவே நின்றேன்.